சபீனா அக்கா அணைத்து வைத்த தூண்

பிப்ரவரி 16, திங்கட்கிழமை, காலை ஒன்பது ஐம்பது. கணினியில் திறந்திருந்த கோப்பில் லேயர்கள் மொத்தம் 143. அவற்றில் அணைத்து வைக்கப்பட்டிருந்தவை 97. ஒரு சாதாரண வீட்டின் மாதிரியில் தொண்ணூற்றேழு விஷயங்களை எந்த மனிதராவது மறைத்து வைப்பாரா என்று சபீனா அக்காவிடம் கேட்பதற்காகப் போனை எடுத்தேன். எடுத்த கையிலேயே அது அடித்தது. திரையில் அவர் பெயர். பேசியது அவருடைய தம்பி. விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது, மாலையே அடக்கம் என்றார். நான் "சரிங்க" என்றேன். போனை வைத்த பிறகும் அந்தக் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் தீரவில்லை. அதை யாரிடம் காட்டுவது என்பதுதான் தெரியாமல் போனது.

சனிக்கிழமை நடக்கிற இரங்கல் கூட்டத்தில் வாசிக்க ஒரு பக்கம் எழுதித்தரச் சொன்னார் எங்கள் அலுவலகத்தின் உரிமையாளர் ரெனே சார். வருடத்தில் பாதியைப் பிரான்சில் மகன் வீட்டில் கழிப்பவர். அங்கிருந்து, பிரெஞ்சில் பாதியும் தமிழில் பாதியுமாக, நல்லதை மட்டும் எழுது என்று கெஞ்சினார். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. நல்லதை மட்டும் எழுதவும் வரவில்லை. அக்காவுக்கு எதிர் மேசையில் நாலு வருடம் உட்கார்ந்தவன் நான். நாங்கள் சண்டை போடாத வாரம் கிடையாது. அதை மறைத்துவிட்டு எழுதினால் அவர் செய்துகொண்டிருந்த வேலையை நானும் செய்கிறேன் என்றாகிவிடும்.

கூட்டத்துக்கு வருகிற சிலருக்கு எங்கள் தொழில் தெரியாது. நெல்லித்தோப்பில் ஒரு மருந்துக்கடைக்கு மேல், மாடியில் இருக்கிறது அலுவலகம். வீடு கட்டப் போகிறவர்களுக்கு அந்த வீட்டை முன்கூட்டியே கணினியில் முப்பரிமாணத்தில் செய்து காட்டுவோம். சுவர் ஒரு லேயர், தூண் ஒரு லேயர், தண்ணீர்க் குழாய் ஒன்று, ஒயரிங் ஒன்று, மேசை நாற்காலி ஒன்று. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு குட்டி பல்பு. தட்டினால் அணையும், அந்த லேயரில் இருப்பதெல்லாம் திரையிலிருந்து மறைந்துவிடும். மறுபடி தட்டினால் வரும். கண்ணுக்குத்தான் மறைகிறதே தவிர, வீட்டிலிருந்து எதுவும் போய்விடுவதில்லை. தூண் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு கனம், உள்ளே என்ன கம்பி என்று கணக்குப் போடுவது என் வேலை. வீட்டை உருவாக்கி வாடிக்கையாளரிடம் காட்டுவது அக்காவின் வேலை. அவர் காட்டியதைவிட அணைத்து வைத்ததுதான் அதிகம்.

நான் சேர்ந்த முதல் மாதம். ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அக்கா ஹாலைச் சுற்றிக் காட்டினார். எவ்வளவு விசாலமாக இருக்கிறது என்று இருவரும் பூரித்துப் போனார்கள். விசாலமாக இல்லாமல் எப்படி இருக்கும்? நான் போட்ட இரண்டு தூணையும் காணவில்லை. அங்கே இரண்டு தூண் வரும் என்று நான் வாயெடுத்ததும் மேசைக்கு அடியில் என் காலை ஒரு மிதி மிதித்தார். மெதுவாக அல்ல. அவர்கள் படியிறங்கிப் போன பிறகு கேட்டேன்.

"என் தூண் எங்கக்கா?"

"இருக்கு. தூங்குது."

"எப்ப எழுந்திருக்கும்?"

"முதல்ல அவங்க மனசுல அந்த வீட்டுக்குக் குடி வரட்டும் தம்பி. குடி வந்துட்டா தூணு, உத்திரம் எல்லாத்தையும் அவங்களே தாங்கிக்குவாங்க."

அந்த லேயருக்கு அவர் வைத்திருந்த பெயர் 'தூண் - அப்புறம்'. பொறியியல் கல்லூரியில் நாலு வருடம் படித்துவிட்டு வந்தவனுக்கு அதைப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் புத்தி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது அவருடைய குடும்பத்தாருக்குத் தெரியும். மூன்று தலைமுறையாக மார்க்கெட் பக்கம் துணிக்கடை வைத்திருப்பவர்கள். கல்லூரி விடுமுறையெல்லாம் அக்கா கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் அடிக்கடி சொன்ன ஒன்று உண்டு: "எல்லாத்தையும் ஒரேயடியா விரிச்சுப் போட்டா, வாங்க வந்தவங்க மயங்கிப் போய் எழுந்து போயிடுவாங்க." புடவை பிடிக்கவில்லை என்றால் மறுநாள் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம், தூணை மாற்ற முடியுமா என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னார். மாற்ற முடியாது என்பதால்தான் இன்னும் மெதுவாக விரிக்க வேண்டும் என்றார்.

தூணை மறைத்ததோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. இரண்டாவது சந்திப்பில், தூண் வரப்போகிற அதே இடத்தில் வேறு ஏதாவது ஒரு சாமானைக் கொண்டுவந்து வைப்பார். பீரோ, ஃபிரிட்ஜ், மீன்தொட்டி. ஒரு வீட்டில் இரண்டு அரிசி மூட்டை. நட்ட நடு ஹாலில் எதற்கு மூட்டை என்று வீட்டுக்காரர் கேட்பார். சும்மா வைத்திருக்கிறேன், நடந்து பாருங்கள் என்பார் அக்கா. அவர்களும் திரையில் அதைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். மூன்றாவது சந்திப்பில் அவர்கள் கேட்காமலே வளைந்து போகப் பழகியிருப்பார்கள். அப்போது மூட்டையை அணைத்துத் தூணை எழுப்புவார். அட, மூட்டையைவிட ஒல்லியாகத்தானே இருக்கிறது என்று அவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். ஒவ்வொரு தடவையும் விட்டார்கள். எனக்குத்தான் அது பொறுக்கவில்லை. அந்த மாதிரியை நான் என் கணக்கு மென்பொருளில் ஏற்றினால், அது அந்த இரண்டு மூட்டையையும் கட்டடத்தின் பகுதி என்று எடுத்துக்கொண்டு, இவை என்ன பொருளால் ஆனவை, எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்டு நின்றது. அரிசி என்று பதில் போட அதில் இடம் இல்லை. ரெனே சாரிடம் புகார் சொன்னேன். பொன்னி அரிசியா என்று கேட்டார். அந்த அலுவலகத்தில் அவ்வளவுதான் நீதி.

மேஸ்திரி ஏழுமலைக்கு இந்தச் சம்பவம் நினைவிருக்கும். ஒரு மனையின் எல்லை தவறு என்று சர்வேயர் சொன்னதால் மாதிரியில் மொத்த வீட்டையும் பத்தடி நகர்த்த வேண்டியிருந்தது. அக்கா எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகர்த்தினார். ஆனால் அணைந்திருக்கிற லேயரில் இருப்பவை தேர்வில் சிக்காது, நகரவும் நகராது. என் தூண்கள் வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தன. வீடு போய்விட்டது, தூண்கள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. அதிலிருந்து எடுத்த படத்தை வைத்துக்கொண்டு ஏழுமலை சைட்டிலிருந்து போன் செய்தார். "சார், நம்ம தூண் எல்லாம் பக்கத்து மனையில நிக்குது. அவங்ககிட்ட கேட்டுட்டீங்களா?" நான் கத்திய கத்தலில் கீழே மருந்துக்கடைக்காரர் மாடிப்படி ஏறி வந்துவிட்டார். அக்கா டீயை ஆற்றிக்கொண்டே, "விடு தம்பி, அவங்களும் ஒரு நாள் வீடு கட்டத்தானே போறாங்க" என்றார். மறுநாள் கோப்பில் ஒரு புது லேயர் முளைத்திருந்தது. பெயர் 'தம்பி கத்துவான்'. எனக்கு ஆகாதவை என்று அவர் நினைத்த எல்லாம் அதற்குள் போயின. அதுவும் அணைந்தேதான் இருந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போயிருந்தபோது சந்திப்புகளை நான் நடத்தினேன். எல்லா லேயரையும் ஏற்றி, இருப்பதை இருப்பதாகக் காட்டினேன். சுவருக்குள் குழாய், குழாய்க்குப் பின்னால் கம்பி, தலைக்கு மேல் உத்திரம். வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, வீடு கேட்டால் எலும்புக்கூட்டைக் காட்டுகிறாயே என்று கேட்டுவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. அக்கா யாத்திரை முடிந்து வந்து இதைக் கேட்டபோது என்னைத் திட்டவில்லை. பேரீச்சம்பழப் பொட்டலத்தை என் மேசையில் வைத்துவிட்டு, அந்த ஆளின் பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். எலும்பு இல்லாத வீட்டைக் காட்டமாட்டேன் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்கிறேன்.

இப்போது இந்தத் தொண்ணூற்றேழு லேயர் வீட்டுக்கு வருகிறேன். தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர் கோவிந்தராசு. பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. வீல்சேரில் இருக்கிறார். வலது கையால் சக்கரத்தைச் சுற்றி, வலது காலால் தரையை உதைத்துத் திருப்புவார். அவர் மனைவி செல்வியம்மா ஊரில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு, பட்டறைக்குப் பக்கத்திலேயே மனை வாங்கி வீடு கட்டுகிறார். கீழே இவர்கள், மாடியில் மகன் குடும்பம். செல்வியம்மா கேட்டது ஒன்றுதான். தன் வீட்டுக்காரர் யாரையும் கூப்பிடாமல் படுக்கையறையிலிருந்து வாசல் வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டும்.

மாடியில் வரும் பாத்ரூம் சுவரின் பாரம் முழுவதும் ஹாலின் நடுவில் இறங்குகிறது. தூண் இல்லாமல் செய்தால் உத்திரம் ஆளின் தலைக்கு வரும். ஆகவே தூண். அது நிற்பது அவர் திரும்ப வேண்டிய இடத்தில். வீல்சேர் திரும்ப என்ன இடம் வேண்டுமோ அதைப் புத்தகத்தைப் பார்த்து விட்டிருந்தேன். அக்கா வழக்கம்போலத் தூணை அணைத்துவிட்டு ஹாலைக் காட்டியிருந்தார். குழி தோண்ட ஆட்கள் வருகிற திங்கட்கிழமை வருகிறார்கள். இன்னும் சொல்லவில்லையா என்று போன வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். "வியாழக்கிழமை நான் சொல்லிக்கிறேன்" என்றார். வியாழக்கிழமைக்கு அவர் இல்லை.

நான் போனேன். அவர்களுடைய வாடகை வீட்டுக் கூடத்தில், வெளியே அடிக்கிற வெயிலிலிருந்து உள்ளே வந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல், நடுவில் நின்ற ஒரு நீல நிறத் தண்ணீர் ட்ரம்மில் முட்டியை இடித்துக்கொண்டேன். தண்ணீர் ட்ரம்மை யாராவது அங்கே வைப்பார்களா என்று எரிச்சலோடுதான் உட்கார்ந்தேன். செல்வியம்மா முதலில் அக்காவைப் பற்றிக் கேட்டு அழுதார். நான் லேப்டாப்பைத் திறந்தேன். எல்லா லேயரையும் ஏற்றினேன். அக்கா இல்லாத முதல் சந்திப்பிலேயே பொய் காட்ட எனக்கு மனமில்லை. திரையில் குழாயும் கம்பியும் மெத்தையும் மூன்று விதப் படிக்கட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. செல்வியம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சபீனாம்மா ஒவ்வொண்ணா காட்டுவாங்க தம்பி. நீங்க கொட்டிக் கவுத்துட்டீங்களே" என்றார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஹாலுக்கு நடுவில் ஒரு தூண் வருகிறது, அதை உங்களிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை, அது இல்லாமல் வீடு நிற்காது என்றேன். சொல்லி முடித்ததும் திட்டு வரும் என்று காத்திருந்தேன். சேரில் இருந்த கோவிந்தராசுதான் பேசினார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு வார்த்தை இழுத்து இழுத்துத்தான் வருகிறது.

"ட்ரம்முதானே?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. செல்வியம்மா சொன்னார். மூன்று வாரத்துக்கு முன்னால் அக்கா இங்கே வந்திருக்கிறார். டேப் வைத்து அளந்து இந்த இடத்தில் ட்ரம்மை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். புது வீட்டில் இங்கே ஒன்று வரும், என்ன என்று அப்புறம் சொல்கிறேன், அதுவரைக்கும் அண்ணன் இதைச் சுற்றிப் போய் வரட்டும் என்றிருக்கிறார். முதல் நாளே சேர் இடித்தது. சேர் மட்டும் திரும்ப நான் விட்டிருந்த இடம் போதும். உதைத்துத் திருப்புகிற கால் வெளியே நீளும் என்பது புத்தகத்தில் இல்லை. இவர்களாகவே ட்ரம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சமையலறைப் பக்கம் தள்ளித் தள்ளி, சேர் இடிக்காமல் திரும்புகிற இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பழைய இடத்திலிருந்து ஓர் அடி. கோவிந்தராசு தரையில் சாக்பீஸால் வட்டம் போட வைத்திருந்தார். இது தூண்தான் என்று உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். ரெண்டாம் நாளே தெரியும் என்றார் அவர். "முப்பது வருஷம் பட்டறையில இருந்தவன் சார். நடு வீட்ல வேற என்ன வரும்? அந்தம்மா ஆசையா மறைச்சிச்சு. நாமளும் தெரியாத மாதிரி இருந்துட்டோம்."

ஓர் அடி தள்ள வேண்டும் என்பதை அக்காவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். உடனே சொல்லிவிட்டார்களாம். அதற்கு அவர், இன்ஜினியர் தம்பி கோபக்காரன், நான் பேசி வழிக்குக் கொண்டுவருகிறேன் என்றாராம்.

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு அடி! அதை என்னிடம் நேராகச் சொல்ல என்ன கேடு? எதிர் மேசையில்தானே உட்கார்ந்திருக்கிறேன்? இதை நினைத்துக்கொண்டே வண்டியை ஓட்டிவந்தபோதுதான் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் டீ குடிக்கும்போது, ஹால் இன்னும் ஓர் அடி நீளமாக இருந்தால் உத்திரம் எவ்வளவு கனமாகும் என்று கேட்டார். மூன்று இஞ்ச் கூடும் என்றேன். சில நாள் கழித்து, உத்திரம் மூன்று இஞ்ச் கீழே இறங்கினால் யார் தலையிலாவது இடிக்குமா என்று கேட்டார். இடிக்காது என்று எரிந்து விழுந்தேன். போன வாரம், மேலே சுவர் தூணுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் தள்ளி நின்றால் விழுந்துவிடுமா என்றார். உத்திரம் தாங்கும், வேலையைப் பாருங்கள் என்றேன். மூன்று தடவையும் அவர் சொன்ன முன்னுரை ஒன்றுதான்: "சும்மா கேக்கறேன்."

என்னையும் ஒரு வாடிக்கையாளராகத்தான் நடத்தியிருக்கிறார். எனக்கும் ஒரு ட்ரம்மை வைத்து, நான் அதைச் சுற்றி நடந்து பழகக் காத்திருந்திருக்கிறார். நானும் நடந்திருக்கிறேன். தூணை ஓர் அடி தள்ளலாம் என்பதற்கான பதில் முழுவதையும், மூன்று துண்டாக, என் வாயாலேயே வாங்கிவிட்டார். சேர்த்து வைத்து என் முன்னால் ஏற்றிக் காட்டுவதுதான் பாக்கி. அதற்குள் போய்விட்டார். இதை நினைத்தால் அவரைத் திட்டத்தான் தோன்றுகிறது. திட்டினால் டீயை ஆற்றிக்கொண்டு கேட்க ஆள் இல்லை. எதிர் மேசையைப் பார்க்காமல் இருப்பதற்காக என் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன். அதுவும் சரியாக வரவில்லை.

அக்காவைத் தெரிந்த உங்களில் பலருக்கு அவருடைய சிரிப்பு இருக்கும், அவர் கட்டிக் கொடுத்த வீடு இருக்கும். நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்வது இரண்டு. ஒன்று, இன்னும் முடியாத அந்தச் சண்டை. தூணை மறைக்கக் கூடாது என்பதில் நான் ஒரு இஞ்ச்கூட இறங்கமாட்டேன். இன்னொன்று, ஒரு பொருளுக்குப் பெயர் சொல்வதற்கு முன்னால் ஆட்களை அதைச் சுற்றி நடக்கவிடுவது. அதில் அவர் சொன்னதுதான் சரி. இதை அவர் இருந்தபோது நான் ஒப்புக்கொண்டிருந்தால் வேலை முழுக்க அரிசி மூட்டையாகியிருக்கும்.

இனி செய்யப் போவது:

1. ஏழுமலைக்குப் போன் செய்து திங்கட்கிழமைக் குழியை நிறுத்துவது. திட்டுவார். வாங்கிக்கொள்வது.

2. பேச்சுவாக்கில் சொன்ன மூன்று பதிலையும் நம்பாமல், தூண் ஓர் அடி தள்ளிய கணக்கை முதலிலிருந்து போடுவது. அஸ்திவாரத்தையும் சேர்த்து.

3. அணைந்திருக்கும் தொண்ணூற்றேழு லேயரையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது. வீடு கட்டி முடிகிற வரை எதையும் அழிப்பதில்லை. அரிசி மூட்டை இருந்தாலும்.

4. செல்வியம்மாவிடம் மறுபடி போய் முதலில் சுவரை மட்டும் காட்டுவது. பிறகு தூண். பிறகு இறங்கிய உத்திரம், சேரில் உட்கார்ந்திருப்பவர் கண் உயரத்திலிருந்து.

5. அடுத்து வருகிற வாடிக்கையாளருக்கு முதல் நாளே தூணை ஏற்றிக் காட்டுவது. எழுந்து போனால் போகட்டும்.

6. மனையில் தூண் வரும் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து, சேர் மண்ணில் புதையாமலிருக்கச் சுற்றிலும் சென்ட்ரிங் பலகையைப் பரப்பி, கோவிந்தராசுவை அழைத்துவந்து சேரை ஓட்டச் சொல்வது. கால் இடித்தால் சுண்ணாம்பை அழித்துவிட்டுக் கணக்கை மறுபடி போடுவது. யாரும் கை கொடுக்காமல் அவர் திரும்பி, வாசல் வரப்போகிற இடம் வரை போய், தெருவைப் பார்த்த பிறகுதான் குழி.